பச்சை வரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சி கைலாசபுரத்தில் இருக்கும் என் மச்சான் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கைலாசபுரம் தெரியாதவர்களுக்கு: திருவெறும்பூரை ஒட்டி, பாய்லர் தொழிற்சாலைக்காக 1960களில் எழுந்த 'பெல்' டவுன்ஷிப். அகலமான தெரு, வேப்பமர நிழல், குவார்ட்டர்ஸ் வாசலில் முருங்கை.

இலையில் ரசம் விழுவதற்குள் மச்சான் ஆரம்பித்துவிட்டார். "மாப்ளே, ஒரு வீக் எண்டுக்குக் குடும்பத்தோட குட்டித் தீவு எங்கயாவது போயிட்டு வரலாம்னு இருக்கோம். வெள்ளை மணல், நீலத் தண்ணி, தென்னை மரம். மாலத்தீவுதான் சரியா இருக்கும்னு பாப்பா சொல்லுது. நீங்க பி.காம். ஆச்சே, கொஞ்சம் கணக்குப் போட்டுக் கொடுங்களேன்!"

பத்திரிகையில் எழுத ஆரம்பித்து இருபது வருஷம் ஆகிறது. ஆனாலும் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு இருக்கும் ஒரே மரியாதை அந்த பி.காம்.தான். கை கழுவிவிட்டுப் பேப்பரும் பேனாவும் வாங்கி உட்கார்ந்தேன்.

"எத்தனை பேர்?"

"நாலு பேர். நான், அவ, பாப்பா, தம்பி."

வீட்டில் இருப்பது ஐந்து பேர். ஐந்தாவது ஆள், மச்சானின் அம்மா, என் மாமியார், ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அம்மாவுக்கு பாஸ்போர்ட் இல்லை" என்றார் மச்சான், நான் கேட்காமலேயே.

சரி, கணக்குக்கு வருவோம். விமானக் கட்டணம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். ரிசார்ட் வாடகை கேட்டால் தலை சுற்றும். அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எந்த ரிசார்ட்டுக்குப் போனாலும் மாறாத ஒரு செலவை மட்டும் எழுதினேன். வரி.

மாலத்தீவில் 'கிரீன் டாக்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. பச்சை வரி. 2015ல் ரிசார்ட்டில் தங்குகிறவர்களுக்குத் தலைக்கு ஒரு ராத்திரிக்கு 6 டாலர் என்று தொடங்கினார்கள். 2025 ஜனவரி 1 முதல் அது 12 டாலர். இரண்டு வயதுக்குக் கீழே என்றால்தான் விலக்கு. நாலு பேருக்கு இரண்டு ராத்திரி என்றால் 96 டாலர். அடுத்து, ஊர் திரும்பும்போது விமான நிலையத்தில் வெளிநாட்டவருக்கு, சாதாரண வகுப்புக்கே, புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணம் 50 டாலர். இது 2024 டிசம்பரிலிருந்து. நாலு பேருக்கு 400 டாலர். இந்தத் தொகை பெரும்பாலும் டிக்கெட்டுக்குள்ளேயே ஒளிந்திருப்பதால் நம் கண்ணில் படாது. ஆக மொத்தம் 496. டாலர் 85 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 42,160 ரூபாய்.

இதில் ஒரு இட்லிகூட அடங்கவில்லை. அறை வாடகை மீதும் சாப்பாட்டு பில் மீதும் போடும் 17 சதவிகித சுற்றுலா ஜி.எஸ்.டி. தனி. சர்வீஸ் சார்ஜ் தனி.

மச்சான் அசரவில்லை. "என்ன பண்றது மாப்ளே, அவ்ளோ சுத்தமா வெச்சிருக்காங்கல்ல? குடுக்கலாம்" என்றார்.

இந்த 'குடுக்கலாம்' என்ற வார்த்தையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

நான் மாற்றுவழி சொல்லிப் பார்த்தேன். "ராமேஸ்வரம் போங்களேன். அதுவும் தீவுதான். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்தாச்சு."

"மாமா, அது கோயில். தீவு இல்லை" என்றாள் பாப்பா. பிளஸ் ஒன் படிக்கிறாள். பாம்பன் தீவில்தான் ராமேஸ்வரம் இருக்கிறது, 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோன தனுஷ்கோடி அந்தத் தீவின் முனைதான் என்று சொன்னேன். அவள் முகத்தில் மாற்றமில்லை. போட்டோவில் தென்னை மரம் சாய்ந்திருக்க வேண்டும். அதுதான் தீவு.

லட்சத்தீவு? 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் வந்தன. மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலர் வாய்த்துடுக்காக எழுதிப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். உடனே நம் ஆட்கள் தேசபக்தியோடு மாலத்தீவு டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு, 'அடுத்த லீவு லட்சத்தீவு' என்று முழங்கினார்கள். எனக்குத் தெரிந்தே ஐந்தாறு பேர். அதில் ஒருவர்கூட, அந்தத் தீவுகளின் மொத்தப் பரப்பே 32 சதுர கிலோமீட்டர்தான் என்றோ, மண்ணுக்கடியில் மெல்லிசாகத் தேங்கி நிற்கும் மழைத் தண்ணீரை நம்பி அங்கே பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள் என்றோ, வெளியாள் உள்ளே போக அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும் என்றோ யோசித்ததாகத் தெரியவில்லை. நாடு மாறியது. புத்தி மாறவில்லை. தீவு என்றால் நாம் போய்க் குளித்துவிட்டு வரும் தண்ணீர்த் தொட்டி என்ற நினைப்பு அப்படியே இருக்கிறது.

தீவு என்பது, வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், மூடிய கணக்கு. உள்ளே வந்த குப்பை தானாக வெளியே போகாது. செலவழித்த நல்ல தண்ணீர் தானாகத் திரும்பி வராது. மாலே நகரத்துக்குப் பக்கத்திலேயே திலாஃபுஷி என்று ஒரு தீவு இருக்கிறது. எந்த டிராவல்ஸ்காரரும் அந்தப் படத்தைக் காட்டமாட்டார். 1992லிருந்து குப்பையைக் கொட்டிக் கொட்டியே உண்டாக்கிய தீவு அது. 2014 டிசம்பரில் மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தபோது, தலைநகரமே குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவித்தது. இந்திய விமானப் படை விமானங்கள் நம் அரக்கோணம் வழியாகத் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோய் இறக்கின. சுற்றிலும் கடல், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் பச்சை வரி போடுகிறார்கள். குப்பைக்கும் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் காசு வேண்டும், அதை வருகிறவன் தலையில் கட்டுகிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. நியாயமான வரி.

நம் பக்கத்துக் கதை? மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். 1986லேயே கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டோம். ஆனால் அதில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளப்பாறையை வருஷக்கணக்கில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தோம். தீவைத் தாங்கிய முதலையே எடுத்துத் தின்றுவிட்டோம். கம்பெனி திவால்.

இந்தப் பிரசங்கத்தை நான் பாதியில் வைத்திருந்தபோதுதான் ஊஞ்சலிலிருந்து குரல் வந்தது.

"ஏன்டா, தீவு தீவுங்கறீங்களே, நான் பொறந்ததே தீவுலதானே?"

மாமியார் பிறந்தது திருவானைக்காவல். மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கிழக்கே கல்லணைப் பக்கம் மறுபடி நெருங்கி வருகிறது. நடுவில் இருக்கும் நிலம்தான் ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் எல்லாம். கைலாசபுரத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் தாண்டி, காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச்சாலையில் இறங்கினால் தீவு. பாஸ்போர்ட் வேண்டாம். வெப்பமண்டலமா என்று கேட்கிறீர்களா? மே மாதம் ரங்க விலாஸ் மண்டபத்துக்கு வெளியே செருப்பில்லாமல் நின்று பாருங்கள். போதாதென்றால், மேலூரில் இரண்டு ஆற்றுக்கும் நடுவே 2015ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு அரசாங்கமே இங்கிலீஷில் 'டிராப்பிகல்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறது.

"ஆடிப் பதினெட்டுக்கு அஞ்சு தூக்குல சித்ரான்னம் கட்டிக்கிட்டு மொத்தக் குடும்பமும் அம்மா மண்டபம் போவோம். தண்ணி படியைத் தொட்டுக்கிட்டு ஓடும். சாயங்காலம் வரைக்கும் ஆத்துலதான் கெடப்போம்" என்றார் மாமியார். சொல்லப்போனால், குடும்பத்தோடு தீவுக்குப் பிக்னிக் போவதை நமக்கு எந்த டூர் கம்பெனியும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆடி மாதத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளி, காவிரிக்குச் சீர் கொடுத்துவிட்டுப் போகிறார்.

"அப்ப அத்தை, வர்ற ஆடிக்குப் போவோமா?" என்றேன்.

"போலாம். ஆனா தண்ணியில எறங்கமாட்டேன். காலை வெச்சா பழைய துணி சுத்திக்குது. அருவருப்பா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. எழுபது தாண்டிய ஒரு பெண்மணி, தான் நீச்சல் கற்ற ஆற்றில் கால் வைக்க அருவருக்கிறார். இது அவர் மனப்பிராந்தி இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018ல் வெளியிட்ட மாசடைந்த நதிப் பகுதிகள் பட்டியலில் காவிரி இருக்கிறது. எங்கிருந்து எதுவரை? மேட்டூரிலிருந்து மயிலாடுதுறை வரை! அந்த வருஷம் ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. 1836ல் கட்டியது, வயதாகிவிட்டது என்றது அரசு. மணலைச் சுரண்டினால் அணை எப்படி நிற்கும் என்று கேட்டார்கள் விவசாயிகள். இரண்டில் எது என்று சண்டை போட்டோமே தவிர, தீவின் கழுத்தே அங்கேதான் இருக்கிறது என்ற பதற்றம் ஊருக்குள் எத்தனை பேருக்கு இருந்தது?

உடனே ஒரு பதில் தயாராக வரும். "அதெல்லாம் கவர்மெண்ட் பாத்துக்கணும் சார்." சரி. சுத்திகரிக்காமல் ஒரு சொட்டுச் சாக்கடை ஆற்றில் விழுந்தாலும் அது அரசின் குற்றம்தான். அதில் நான் ஒருவரையும் விடுவதாக இல்லை. ஆனால் சடங்கு முடிந்ததும் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்து ஆற்றில் விட்டது எந்த கவர்மெண்ட்? பூ மாலையை பிளாஸ்டிக் கவரோடு சேர்த்து வீசியது எந்த இலாகா?

இப்போது 'குடுக்கலாம்' என்ற வார்த்தைக்குத் திரும்புகிறேன்.

மாமியாருக்குத் திருவானைக்காவலில் ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் போட்டு முடித்தாகிவிட்டது. வீட்டு இணைப்புக்குப் பணம் கட்டவேண்டியது உரிமையாளர், அதாவது மச்சான். இரண்டு வருஷமாகக் கட்டவில்லை. "வாடகை வர்றதே கொஞ்சம் மாப்ளே, இதுக்கு வேற தண்டம் அழணுமா?" என்று இதே கூடத்தில் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக் கழிவு நீர் இன்றும் தெரு ஓரச் சாக்கடையில்தான் விழுகிறது. அது எங்கே போய்ச் சேரும்? தீவாயிற்றே. இந்தப் பக்கம் போனாலும் ஆறு, அந்தப் பக்கம் போனாலும் ஆறு.

நான் யோக்கியன் என்று சொல்லவரவில்லை. எங்கள் தெருவில் இணைப்பு கொடுக்க வந்தபோது, சிமெண்டுத் தரையை உடைப்பார்களே என்று ஆறு மாதம் இழுத்தடித்தவன்தான் நானும்.

மேலே போட்ட கணக்கில் ஒரு வரி சேர்த்தேன். மாலத்தீவுக் கடல் சுத்தமாக இருக்க நாம் மனமாரக் 'குடுக்கலாம்' என்று சொன்னது 42,160 ரூபாய். காவிரி சுத்தமாக இருக்கக் கொடுத்தது பூஜ்யம். அங்கே கொடுத்தால் வரி, இங்கே கொடுத்தால் தண்டம். இரண்டு நாள் இருக்கப்போகும் தீவுக்கு நாம் பொறுப்பான விருந்தாளி. பரம்பரையாக இருக்கும் தீவுக்கு நாம் யார்?

மாலத்தீவு போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உழைத்த காசு, உங்கள் இஷ்டம். நீலக் கடலைப் பார்க்க ஆசைப்படுவது பாவமில்லை. ஆனால் ஊரார் தீவில் மிட்டாய் உறையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு அலைகிற அதே கை, சொந்த ஆற்றங்கரையில் எச்சில் இலையை வீசுகிறதே, அதற்குப் பெயர் சுற்றுலா ரசனை இல்லை. பயம். அங்கே அபராதம் போடுவான், இங்கே யாரும் கேட்கமாட்டான்.

நான் மச்சானுக்கு வேறொரு பிளான் எழுதிக் கொடுத்தேன். ஐந்து பேருக்கு. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து, தண்ணீர் வந்த பிறகு ஒரு சனி, ஞாயிறு. முதல் நாள் முக்கொம்பு, மேலூர்ப் பூங்கா. மறுநாள் காலை திருவானைக்காவல், அத்தை பிறந்த வீடு. மத்தியானம் கட்டுச்சோற்றோடு கல்லணை. செலவுப் பட்டியலில் கடைசி வரி: 'பச்சை வரி, வீட்டுச் சாக்கடை இணைப்பு.' மேற்படி 42,160க்குள் அது முடிந்துவிடும், மீதியும் இருக்கும்.

மச்சான் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. பாப்பாதான் கேட்டாள். "அப்பா, நம்ம வீட்டுத் தண்ணியா பாட்டி கால்ல பட்டுது?"

மாலத்தீவுக்கு இன்னும் டிக்கெட் போடவில்லை. திருவானைக்காவலுக்கு இன்னும் பிளம்பரும் வரவில்லை. எது முதலில் நடக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.