ஊர்ப் பாட்டுக்காரனுக்கு ஒரு நாற்காலி

கோயமுத்தூரில் பாட்டுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொடிசியா வளாகத்தில் சினிமாப் பாடகர் கச்சேரி என்று விளம்பரம் செய்தால், ஆயிரக்கணக்கில் ரூபாய் கொட்டிச் சீட்டு வாங்க ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். மார்கழி வந்தால் சபாக்களில் கச்சேரி. கல்யாண மண்டபம் என்றால் காது கிழிய ஒலிபெருக்கி. ஆனால் இந்தக் கொங்கு மண்ணிலேயே பிறந்து, இங்கேயே பாட்டுக் கட்டி, இங்கேயே பாடுகிறவர்களில் மூன்று பேர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் வாயடைத்துப் போவோம். இதற்குக் காரணம் என்ன?

பாடுகிறவர்கள் இல்லாமையா? அல்லவே அல்ல. காங்கயம் பக்கத்தில் உடுக்கை அடித்து அண்ணன்மார் கதையை விடிய விடியப் பாடுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தார்கள். 1965-ஆம் ஆண்டில் பிரெண்டா பெக் என்னும் அம்மையார் கடல் கடந்து வந்து, கொங்குக் கிராமம் ஒன்றில் தங்கி, அப்பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்தார். 18 இரவுகள், 38 மணி நேரம் பாட்டு நடந்தது. ஏடு பார்த்துப் பாடிய பாட்டல்ல. நெஞ்சில் இருந்ததைப் பாடிய பாட்டு. நம் வீட்டு வாசலில் நடந்த இவ்வளவு பெரிய காரியத்தின் பெருமையை நமக்கு எடுத்துச் சொல்ல வெளிநாட்டுக்காரர் வரவேண்டியிருந்தது என்றால், நமது புத்தியை என்னவென்று சொல்வது?

பழையது என்பதற்காக எதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அந்தக் கதையில் வேளாளருக்கும் வேட்டுவருக்கும் நடந்த சாதிச் சண்டை இருக்கிறது. கேட்கிறவர்மேல் சாமி வருகிற பித்தலாட்டமும் இருக்கிறது. அவற்றை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் அதைப் பாடுகிறவனுடைய ஞாபகசக்தியும், தொண்டையும், தாளமும் எந்தச் சாமியும் கொடுத்ததல்லவே! அவன் உழைத்துச் சம்பாதித்ததல்லவா? பொய்யைத் தள்ளலாம், உழைப்பைத் தள்ள நமக்கு என்ன உரிமை?

ஆனைகட்டி தாண்டினால் அட்டப்பாடி. அங்கே நஞ்சம்மா என்னும் இருளர் பெண்மணி ஆடுமாடு மேய்த்துக்கொண்டே பாட்டுக் கட்டிப் பாடி வந்தவர். 2020-இல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்ற மலையாளப் படத்தில் தம் பாட்டைத் தாமே பாடினார். 2022-இல் அவருக்குச் சிறந்த பின்னணிப் பாடகி என்னும் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. உடனே என்ன நடந்தது? முறையாகச் சங்கீதம் படிக்காதவருக்கு விருதா என்று ஆட்சேபணை கிளம்பிற்று. பசியோடு இருப்பவன் சமையற்காரனுடைய சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டா சோற்றில் கை வைக்கிறான்? கேட்ட காது குளிர்ந்ததா இல்லையா என்பதல்லவா கேள்வி? பல இசைவாணர்கள் நஞ்சம்மாவுக்காகப் பேசினார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அந்தக் கேள்வி எழுந்ததே, அதுதான் நோய்.

இந்த நோய் புதியதல்ல. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டே போராட வேண்டியிருந்தது. 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் ஏற்பட்ட கதை நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. பாட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற கேள்வி அன்று கேட்கப்பட்டது, நல்லதுதான். ஆனால் மேடையில் யார் உட்காரலாம், யார் கீழே நின்று கொட்ட வேண்டும் என்ற கேள்விக்கு அதனால் மட்டும் பதில் கிடைத்துவிடவில்லை. 1930-ஆம் ஆண்டு வாக்கில் செட்டிநாட்டுக் கல்யாணம் ஒன்றில், நாதசுர வித்துவான் சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டதையே சிலர் பொறுக்கவில்லை. பட்டுக்கோட்டை அழகிரிசாமி குறுக்கே நின்று, துண்டை எடுக்க விடாமல் காத்தார். வித்துவானுக்கே இந்தக் கதி என்றால், பறை அடிக்கிறவன் கதியைச் சொல்லவும் வேண்டுமா?

இங்கே நம் தோழர்கள் சிலர் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "சாவுக்குப் பறை அடிக்காதே என்று சொன்னவர்கள் நாம்தானே? இன்றைக்கு அதே பறையை மேடையில் ஏற்றிக் கை தட்டலாமா?" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். நமது பதில் இது: பிறந்த சாதிக்காக, கூலியும் மரியாதையும் இல்லாமல், அடித்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்துவது இழிவு. அதை விட்டொழிப்பதுதான் மானம். விரும்பினவன் விரும்பின இடத்தில், கூலி பேசி, தலை நிமிர்ந்து அடித்தால் அது கலை. இழிவு தோலிலும் இல்லை, குச்சியிலும் இல்லை, கட்டாயத்தில் இருக்கிறது. இன்று கோவையில் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்களில் ஆண் பெண் பேதமில்லாமல் பறை பழகுகிறார்கள். அப்பறையை இன்னார் சாதிக்கு உரியது என்று இனி எவன் சொல்ல முடியும்? சென்னையில் 2018-இல் முதல் மேடை கண்ட 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் கித்தாரையும் ஒரே மேடையில் சேர்த்துச் சாதியையே பாட்டில் கேள்வி கேட்டது. மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மசிறீ அறிவிக்கப்பட்டதும் பறைக்காகத்தான்.

நம் கொங்கு நாட்டுக் கும்மியையும் பாருங்கள். வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை பத்திரப்பனுக்கு 2024-இல் பத்மசிறீ அறிவிக்கப்பட்டது. பெண்களுக்குத் திறந்துவிட்ட அந்தக் கும்மியை இன்று சாதிக் கூட்டமாக மாற்றப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கும்மிக்கு வேண்டியது கையும் காலும் தாளமும். அதில் சாதிக்கு என்ன வேலை?

இனி நகரத்து இளைஞர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கித்தார் எடுத்துத் தாமே பாட்டெழுதி, தாமே மெட்டமைத்துப் பாடுகிற பிள்ளைகள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் வாயைத் திறந்தவுடன் "சினிமாப் பாட்டுப் பாடப்பா" என்று கூச்சல் போடுகிறோம். சொந்தமாக யோசிக்கிறவனைப் பார்த்து, பிறர் சொன்னதையே திருப்பிச் சொல் என்பது எப்பேர்ப்பட்ட அறிவு? சாஸ்திரத்தில் சொன்னதைத் திருப்பிச் சொல் என்கிற புரோகிதனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஊரைக் குறை சொன்னது போதும். நம் குறையையும் சொல்லிவிடுகிறோம். சென்ற தை மாதத்தில், அவிநாசிப் பக்கம் நம் தோழர் ஒருவர் வீட்டில் புரோகிதர் இல்லாத சீர்திருத்தத் திருமணம் நடந்தது. நாமும் பேசினோம், சாதி ஒழிய வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினோம். பறைக் குழுவினர் வெயிலில் நின்று அடித்தார்கள். பேசி முடித்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வெளியே வந்தபோதுதான் பார்த்தோம். அவர்கள் வேப்பமரத்தடியில் காத்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பிதழில் நம் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவர்கள் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை. புரோகிதரை விலக்கினோம், அவர் ஏற்படுத்திய பந்தி வரிசையை விலக்கினோமா? வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

ஆகவே தோழர்களே! நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் உள்ளூர்ப் பாட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். கூலியை முன்கூட்டியே பேசி, சொன்னபடி கொடுங்கள். நோட்டீசில் பேச்சாளர் பெயர் போடுகிற அதே எழுத்தில் அவர்கள் பெயரையும் போடுங்கள். உட்கார நாற்காலியும், உங்களோடு ஒரே பந்தியில் சாப்பாடும் கொடுங்கள். மாதம் ஒரு நாள் உங்கள் படிப்பகத்தில், சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற ஒருவரைப் பாடச் சொல்லி, இடையில் சினிமாப் பாட்டுக் கேட்காமல் கடைசிவரை உட்கார்ந்து கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், அதுவும் மரியாதைதான். கேட்காமலே தள்ளுவதுதான் அவமரியாதை.

அடுத்த கூட்டத்துக்கு நம்மைக் கூப்பிடுகிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை: பாட்டுக்காரருக்கு நாற்காலி போட்டுவிட்டுப் பிறகு நமக்குப் போடுங்கள். நாற்காலி ஒன்று குறைந்தால் நாம் நின்றுகொண்டே பேசுகிறோம்.