அடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை



"உங்கட மகன் ஒரு நிமிஷம் கதிரையில் இருக்கிறானில்லை" என்று பாடசாலையிலிருந்து முறைப்பாடு வருகிறது. குர்ஆன் மத்ரஸாவிலும் அதே பேச்சு. வீட்டில் மாமி, "வளர்ப்புச் சரியில்லை" என்கிறார். கண்ணூறு என்கிறார் ஒருவர். நாலு அடி போட்டால் சரிவரும் என்கிறார் இன்னொருவர். அடித்தும் ஆகிவிட்டது. அடுத்த நாளும் பிள்ளை அப்படியேதான்.

அவன் வேண்டுமென்றே செய்கிறானா, அடங்கி இருக்க அவனால் முடியவில்லையா? அடிப்பதற்கு முன் இதை அறிய வேண்டாமா?

அவதானக் குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு என்று ஒன்று உண்டு. வைத்தியர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பார்கள். இது புதிய கதையல்ல. புத்தியில் குறைவில்லாமல், தம்மைக் கட்டுப்படுத்த மட்டும் இயலாத பிள்ளைகளைப் பற்றி 1902 இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் விரிவுரை செய்திருக்கிறார். உலகில் நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது உண்டு. பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தாயின் வளர்ப்பால் வருவதல்ல.

இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தாயும் ஆசிரியையும் சொல்லும் விபரம்தான் முக்கியம். 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, 6 மாதமாவது நீடிக்கிறதா, வீடு, பாடசாலை இரண்டிலும் தெரிகிறதா, படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கிறதா என்று வைத்தியர் கேட்பார். காது, கண், தூக்கம் பற்றியும் விசாரிப்பார். காது மந்தமான பிள்ளையும் கவனமில்லாத பிள்ளை போலத்தானே தெரியும்!

ஆகவே போக முன், ஒரு கொப்பியில் இரண்டு வாரம் எழுதுங்கள். "குழப்படி" என்று மட்டும் எழுத வேண்டாம். "சோறு தின்னும்போது நாலு தரம் எழும்பினான்" என்று நடந்ததை எழுதுங்கள். வகுப்பாசிரியையிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். ஓடாமல் ஆடாமல், ஜன்னலைப் பார்த்தபடி பாடத்தைத் தவற விடும் மகளுக்கும் இதே கோளாறு இருக்கலாம். சத்தம் போடாததால் அவளைப் பற்றி முறைப்பாடு வராது.

பண்டாரவளைப் பக்கத்துத் தாய்மார் முதலில் கிட்டிய அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, பதுளைப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேட்கலாம். கட்டணமில்லை. சிங்களம் சரளமாக வராதென்றால் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளையின் குறையைப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். எங்கே போவதென்று புரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்குப் பேசலாம்.

சிகிச்சை என்றதும் குளிசை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான். ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். செய்தவுடனே பாராட்டுங்கள். வகுப்பில் முன் வாங்கைக் கேளுங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு வைத்தியர் மெதில்ஃபெனிடேட் கொடுக்கலாம். இது தூங்க வைக்கும் மருந்தல்ல. கவனத்தை நிறுத்த உதவுவது. சாதாரணக் குளிசையின் வேலை சில மணித்தியாலம்தான். பசி குறையலாம், தூக்கம் பிந்தலாம். காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுத்துவிட்டுக் குளிசையைக் கொடுப்பது நல்லது. நிறை, உயரம், இரத்த அழுத்தம் பார்க்கும் தவணைகளைத் தவற விடாதீர்கள். ஒரு பிள்ளையின் குளிசையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது.

நோன்பு பிடிக்க ஆசைப்படும் பிள்ளை என்றால், ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள். நேரத்தை மாற்றலாமா, நீண்ட நேரம் வேலை செய்யும் வகை பொருந்துமா என்று அவர் சொல்வார். நாமாக நிறுத்துவதோ மாற்றுவதோ வேண்டாம்.

துஆ கேளுங்கள், கிளினிக்குக்கும் கூட்டிப் போங்கள். ஒன்று மற்றதைத் தடுக்காது. "நான் கெட்ட பிள்ளை" என்று உங்கள் மகன் தானே நம்பத் தொடங்கு முன் அந்தக் கொப்பியை எடுங்கள்.