ஒரு முறை வந்தால் போதாதா?

மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் சித்தூர், திருப்பதி வட்டார மருத்துவமனைகளில் ஒரு காய்ச்சல் தலைகாட்டும். டெங்கு அல்ல, மலேரியாவும் அல்ல. ஸ்க்ரப் டைபஸ். புதர்களில் வாழும் நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடிக்கும்போது ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உடலுக்குள் நுழைகிறது. தென் ஆந்திராவில் பரவிய இக்கிருமியின் ரகங்களைத் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தினர் ஆராய்ந்து 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்பது அம்மைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. கிருமியின் ரகங்கள் பல. ஒரு ரகம் தரும் எதிர்ப்பு சக்தி, வேறு ரகத்துக்கு எதிராகச் சில மாதங்களே தாங்கும்.

ஏன் இப்படி? விடையின் ஒரு பகுதி மண்ணீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருக்கலாம். அங்கே பி செல்களுக்கு ஓர் இடம், டி செல்களுக்கு ஓர் இடம் என்று ஒழுங்கான ஏற்பாடு உண்டு. 'முளை மையங்கள்' என்ற பகுதிகளில் டி செல்களின் உதவியோடு, கிருமியை இறுகப் பற்றும் ஆன்டிபாடிகளைச் சுரக்கும் பி செல்கள் தேர்வாகின்றன. நீடித்த நினைவும் அங்கேதான் உருவாகிறது.

சில பாக்டீரியாக்கள் இந்த ஏற்பாட்டிலேயே கை வைக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எலிகளுக்கு லைம் நோய்க் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். முளை மையங்கள் தோன்றின. ஆனால் விரைவில் கலைந்தன. அப்போது போட்ட ஃப்ளூ தடுப்பூசிக்குக்கூட ஆன்டிபாடி குறைவாகவே உருவானது. இது 2015-ல் வெளியான ஆய்வு. ஸ்க்ரப் டைபஸ் கடுமையாகத் தாக்கிய எலிகளின் மண்ணீரலிலும் ஒழுங்கு குலைவது தெரிந்திருக்கிறது. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதனுக்கும் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இந்நோய்க்கு இன்னும் தடுப்பூசி இல்லை. அதைத் தேடுபவர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

நோயாளிக்கும் இதில் பாடம் உண்டு. ஆன்டிபாடியைத் தேடும் ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் 'இல்லை' என்று சொல்லலாம். பழைய காய்ச்சலின் ஆன்டிபாடி மிச்சமிருந்து 'உண்டு' என்றும் சொல்லலாம். எனவே உடம்பையும் பாருங்கள். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லோருக்கும் அது இருக்காது. வயல், காடு, புதர்ப் பக்கம் போனதையும் சொல்லுங்கள்.

டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டும் அரிய மருந்துகள் அல்ல. நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ஊசி வழியே தருவது ஒன்றை மட்டும் தருவதைவிடச் சிறந்தது என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. தாமதித்தால் நுரையீரலும் சிறுநீரகமும் பழுதாகும். ஐந்து நாள் தாண்டிய காய்ச்சலை 'வைரல்' என்று ஒதுக்கிவிட வேண்டாம்.