இலவசமாய் வந்த இடமும் உழைத்துப் பெற்ற இடமும்

ஊரில் எந்தப் போட்டி நடந்தாலும் ரசீதுப் புத்தகம் முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். நாமும் கொடுக்கிறோம். நன்கொடைக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். ஒரு மூட்டை துவரம்பருப்பு எடை குறைந்தால் விடாமல் கேட்கிற நாம், அந்தப் பணம் என்ன வேலை செய்தது என்று மட்டும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதுதான் நம் கருத்து. அதற்குப் பெண்கள் ஹேண்ட்பால் ஆட்டத்திலிருந்து ஒரு கதை சொல்கிறோம்.

நம் பக்கத்தில் கைப்பந்து என்றால் வாலிபால். இது வேறு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள தளத்தில், பக்கத்துக்கு ஏழு பேர் இறங்கி, பந்தைக் கையால் எறிந்து கோல் போட வேண்டும். ஐரோப்பாவில் இதற்குப் பெரிய மதிப்பு.

சர்வதேசப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியை நடத்தும் நாட்டின் அணி தகுதிச் சுற்று ஆட வேண்டியதில்லை. நேரே இடம் கிடைத்துவிடும். மற்ற நாடுகள் ஆடி ஜெயித்துத்தான் உள்ளே வர வேண்டும்.

2012 டிசம்பரில் ஐரோப்பியப் பெண்கள் போட்டியை நடத்த நெதர்லாந்து ஒப்புக்கொண்டிருந்தது. மிளகுக்கும் கிராம்புக்கும் கடல் கடந்து கப்பல் விட்ட டச்சுக்காரர்களின் நாடுதான். கணக்கு வழக்கு அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்களே, போட்டிக்கு ஆறு மாதம் இருக்கும்போது, ஜூன் மாதத்தில், பணம் போதவில்லை என்று கைவிரித்து விட்டார்கள். நடத்துபவர் என்ற முறையில் வந்த இடமும் அதோடு போயிற்று. 16 அணிகள் ஆடிய அந்தப் போட்டியில் நெதர்லாந்துப் பெண்கள் இல்லை. கணக்குத் தவறியது நிர்வாகத்தில்; வீட்டில் உட்கார்ந்தது ஆட்டக்காரப் பெண்கள்.

பொறுப்பை எடுத்துக்கொண்டது செர்பியா. அதே ஆண்டு ஜனவரியில்தான் ஆண்களுக்கான ஐரோப்பியப் போட்டியை அவர்கள் நடத்தி முடித்திருந்தார்கள். அரங்கமும் இருந்தது, நடத்திப் பழகிய ஆட்களும் இருந்தார்கள். கிடங்கு தயாராக இருப்பவனுக்குத்தானே திடீர்ச் சரக்கை இறக்கி வைக்க முடியும்? செர்பியப் பெண்கள் அந்தப் போட்டியில் நான்காவது வந்தார்கள். மறு ஆண்டு உலகப் போட்டியும் அங்கேயே நடந்தது. அதில் இறுதி ஆட்டம் வரை வந்து, பிரேசிலிடம் 22-20 என்று தோற்று வெள்ளி வாங்கினார்கள்.

நெதர்லாந்து என்ன ஆயிற்று? அங்கேதான் நமக்குப் பாடம். போட்டி நடத்தும் பெருமை போனாலும், பெண் பிள்ளைகளுக்கான பயிற்சியை அவர்கள் விட்டுவிடவில்லை. பாப்பெண்டால் என்ற இடத்தில் உள்ள விளையாட்டு மையத்தில், இளம் வயதுப் பெண்கள் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்தே கற்கிறார்கள். 2013 உலகப் போட்டிக்குத் தகுதிச் சுற்றில் ஆடியே உள்ளே வந்தார்கள். 2015 உலகப் போட்டியில் இரண்டாம் இடம். 2016 ஐரோப்பியப் போட்டியிலும் இரண்டாம் இடம். 2019-ல் ஜப்பானில் நடந்த உலகப் போட்டியில், ஸ்பெயினை 30-29 என்று ஒரே கோல் வித்தியாசத்தில் வென்று உலக சாம்பியன் ஆனார்கள். அந்த இடத்தை யாரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. யாரும் பறிக்கவும் முடியாது.

2025-ல் உலகப் போட்டியை மறுபடியும் ஏற்றார்கள். இந்த முறை தனியாக அல்ல, ஜெர்மனியோடு கூட்டு. விரலுக்கேற்ற வீக்கம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள் போலும். 32 அணிகள் வந்தன. ரோட்டர்டாமில் நடந்த இறுதி ஆட்டத்தில் நார்வே ஜெர்மனியை வென்றது. நெதர்லாந்து நான்காவது. நடத்திய இரண்டு நாடுகளும் முதல் நான்குக்குள் வந்ததற்குக் காரணம் இலவச இடம் அல்ல, பல வருடப் பயிற்சி.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 2024 டிசம்பரில் ஆசியப் பெண்கள் போட்டியை டெல்லியில் நாமே நடத்தினோம். எட்டு அணிகள். முதல் நான்கு இடத்துக்கு 2025 உலகப் போட்டிக்குச் சீட்டு. ஜப்பான், தென்கொரியா, ஈரான், கஜகஸ்தான் அதைப் பெற்றுக்கொண்டு போயின. பந்தல் போட்டது நாம். இதைக் குறை சொல்லவில்லை. 2022-ல் நம் ஜூனியர் பெண்கள் கஜகஸ்தானின் அல்மாட்டிக்கே போய் ஆசிய சாம்பியன் பட்டம் வென்று, ஜூனியர் உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். ஆக, பிள்ளைகளிடம் குறையில்லை. தொடர்ந்து ஆட வசதி வேண்டும்.

போட்டி நடந்தால் ஊரில் வியாபாரம் நடக்குமே என்று சிலர் கேட்பார்கள். நடக்கும். விடுதிக்கும் ஓட்டலுக்கும் மளிகைக்கும் நாலு காசு வரும். ஆனால் அது திருவிழாக் கடை வியாபாரம். தேர் நிலைக்கு வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். வருஷம் முழுவதும் கடை நடப்பது வாடிக்கையால்தான்.

எனவே நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ரசீதுப் புத்தகம் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வரவு செலவுத் திட்டம் எழுதியிருக்கிறதா? பணம் குறைந்தால் யார் பொறுப்பு? அலங்கார வளைவு, ஒலிபெருக்கி, சால்வை போக, ஆடுகிற பிள்ளைகளுக்கு எவ்வளவு? மூன்றாவது கேள்விக்குச் சரியான பதில் சொல்பவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். தயங்குபவரிடம், ‘அய்யா, வளைவு வேண்டாம், அரசுப் பள்ளிப் பெண் பிள்ளைகளுக்குப் பந்தும் காலணியும் பஸ் செலவும் பயிற்சி முடிந்ததும் ஒரு வேளைச் சாப்பாடும் நாங்கள் தருகிறோம்’ என்று சொல்லுங்கள். அரிசியும் பருப்பும் முட்டையும் நம் கடையிலேயே இருக்கின்றன. பத்துக் கடை சேர்ந்தால் ஒரு அணிக்கு ஒரு வருஷம் தாங்கும்.

வளைவில் நம் கடைப் பெயர் மூன்று நாள் இருக்கும். தகுதி பெற்றுவரும் பெண் இந்த ஊர் பெயரை எங்கே போனாலும் சொல்வாள். எது லாபம் என்று வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டுமா?