எல்லாருக்கும் 24 மணி நேரம் என்னும் பொய்

"அம்பானிக்கும் 24 மணி நேரம்தான், உனக்கும் 24 மணி நேரம்தான்." மேடையேறும் தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாரும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. பள்ளி ஆண்டு விழா, கல்லூரிப் பயிலரங்கு, நிறுவனப் பயிற்சி வகுப்பு, யூடியூப் என்று எங்கும் இதே பல்லவி. கடிகாரத்தோடு யார் சண்டை போட முடியும்? கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். தலையாட்டி முடிக்கும்முன் அடுத்த வரி வந்துவிடுகிறது: "நேரம் போதவில்லை என்றால் உன்னிடம் ஒழுங்கு போதவில்லை."

அதற்குப் பிறகு அறிவுரைகள் வரிசைகட்டுகின்றன. அதிகாலை நாலரைக்கு எழு. மறுநாள் வேலைகளை முந்தின இரவே எழுதிவை. அலமாரியில் வேண்டாததைக் கழித்துக்கட்டு. செல்பேசியில் இந்தச் செயலியை இறக்கிக்கொள். இவ்வளவும் செய்த பிறகும் மூச்சு முட்டுகிறதா? அப்படியானால் நீ சரியாகச் செய்யவில்லை.

இந்த நம்பிக்கை தவறு என்பதோடு தீங்கும் செய்கிறது. நம் அன்றாடம் சிக்கலாகிக் கிடப்பதற்குத் திட்டமிடத் தெரியாதது முதற்காரணமே இல்லை. சிலர் தலையில் அளவுக்கு மீறி வேலை ஏற்றப்பட்டிருக்கிறது. நாம் வியந்து பார்க்கும் 'ஒழுங்கான' வாழ்க்கைகளில் பலவற்றில் வேலை குறையவே இல்லை. அது வேறொருவர் கைக்கு மாறியிருக்கிறது.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். நாட்டு மக்கள் ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒன்றிய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-லும் 2024-லும் கணக்கெடுத்தது. 6 வயது நிரம்பியவர்களிடம், அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சமானது! இருவருக்கும் இடையிலான தூரம் 202 நிமிடத்திலிருந்து 201 நிமிடமாகக் குறைந்திருக்கிறது. ஒரே ஒரு நிமிடம்.

இதுவும் வேலை செய்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. 2019-ல் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்கள் 26.1 விழுக்காடு, பெண்கள் 81.2 விழுக்காடு. நான்கு ஆண்களில் ஏறக்குறைய மூன்று பேர் அன்றைக்கு வீட்டில் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடவில்லை. இவர்களையும், ஐந்து மணி நேரத்தை அடுப்படியில் விட்டுவிட்டு வருபவளையும் ஒரே வரிசையில் நிறுத்தி, "உங்கள் எல்லாருக்கும் 24 மணி நேரம்தான்" என்கிறார் பேச்சாளர்.

மேல்தட்டில் இந்தக் கணக்கு இன்னும் அப்பட்டமாகத் தெரியும். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் லார்சன் அண்ட் டூப்ரோ தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்துக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து எவ்வளவு நேரம்தான் மனைவியைப் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் கேட்டார். வீட்டிலிருக்கும் ஆணுக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 90 போனால் 78. நாளுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் என்று 49-ஐக் கழித்தால் மிச்சம் 29. நாளுக்கு நான்கு மணி நேரமும் சில நிமிடங்களும். குளியல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அப்படி உழைப்பவர் எப்போது சமைப்பார், எப்போது துவைப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்? 90 மணி நேர உழைப்பு என்பது ஒருவரின் சாதனையாக எழுதப்படும் இருவரின் வேலை.

வீட்டு வேலைக்கு நேர மேலாண்மையே மருந்து என்ற எண்ணத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. தொழிற்சாலைத் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த ஃபிரெடரிக் டெய்லர் தன் மேலாண்மை நூலை வெளியிட்டது 1911-ல். மறு ஆண்டே அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற பெண்மணி அதை அடுப்படிக்குக் கொண்டுவந்து ஒரு மகளிர் இதழில் தொடர் எழுதினார். பாத்திரம் எங்கே இருக்க வேண்டும், மேடை எவ்வளவு உயரம், ஒரு வேலைக்கு எத்தனை எட்டு நடக்கிறீர்கள் என்றெல்லாம் கணக்கு. பிறகு மின்சாரம் வந்தது, குழாய் வந்தது, சலவை இயந்திரம் வந்தது. 1974-ல் ஜோன் வானெக் என்ற ஆய்வாளர் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து ஒப்பிட்டார். முழுநேர இல்லத்தரசி 1924-ல் வாரத்துக்குச் சுமார் 52 மணி நேரம் வீட்டு வேலை செய்திருந்தார். 1960-களில் சுமார் 55.

இது எப்படி நடந்தது என்பதை வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-ல் வெளியான தன் நூலில் விளக்கினார். இயந்திரம் உடல்நோவைக் குறைத்தது; கூடவே எதிர்பார்ப்பை உயர்த்தியது. துணி அடிக்கடி துவைக்கப்பட்டது, சாப்பாட்டில் வகை கூடியது. விறகு பிளப்பது போல ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகள் ஒழிந்துபோயின. அம்மாவின் வேலைகள் அவளிடமே தங்கின.

நம் ஊர் அனுபவமும் வேறல்ல. பல கிராமத்து வீடுகளில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்த காலத்தை நம் பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை. ஆட்டுக்கல்லில் தினமும் யார் ஆட்டுவது? கோயம்புத்தூர் கிரைண்டர் தோள்வலியைப் போக்கியது. அதை மறுப்பது நன்றிகெட்டத்தனம். ஆனால் கிரைண்டர் வந்த வீட்டில் இட்லி அன்றாடமானது, தொட்டுக்கொள்ள இரண்டு சட்னி வந்தது, மாவு இருக்கிறதா என்று பார்த்துவைக்கும் பொறுப்பும் சேர்ந்து வந்தது. அந்தப் பொறுப்பு யாருக்குப் போனது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பொருளைக் குறைத்தால் வாழ்க்கை எளிதாகும் என்பது அடுத்த உபதேசம். வீட்டை ஒழுங்கு செய்வதில் உலகப்புகழ் பெற்ற ஜப்பானின் மேரி கோண்டோ, மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை அத்தனை நேர்த்தியாக வைப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாக 2023-ல் சொன்னார். பலர் கேலி செய்தார்கள். அவர் சொன்னது நேர்மையான உண்மை. அவருடைய முறைக்கு அலமாரியை அடுக்கத் தெரியும். மூன்று பிள்ளைகளின் வேலையைக் குறைக்கத் தெரியாது.

பொருள் சேர்வது பேராசையால் மட்டுமா? குழாயில் நாளை தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இல்லாத வீட்டில் குடம் சேரும், டிரம் சேரும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆண்டு எந்தக் குடும்பத்திடம் போய்ப் பிளாஸ்டிக் குடங்களைக் கழித்துக்கட்டச் சொல்வது? வேண்டும்போது மறுபடி வாங்கிக்கொள்ள முடிந்தவருக்குத்தான் தூக்கிப்போடும் துணிச்சல் வரும்.

அதிகாலையில் எழுவதும் அப்படித்தான். நாலரை மணிக்கு எழுவதை வெற்றியாளர்களின் ரகசியம் என்கிறார்கள். அந்த நேரத்துக்குச் சென்னை கோயம்பேடு சந்தையில் பாதி வியாபாரம் முடிந்திருக்கும்.

சென்னையில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணின் நாளைப் பாருங்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. வேலை இருந்த வீடுகள் ஊருக்குள்ளேயே நின்றன. வேலை செய்பவர் சுமார் இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனார். அவருடைய நாளிலிருந்து அந்தப் பயண நேரத்தை எடுத்துக்கொண்டது அவருடைய சோம்பல் அன்று, ஓர் அரசாணை. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம், பெரிய உதவிதான். ஆனால் அந்தப் பேருந்து வரும்வரை, முன்னால் வந்த கட்டணப் பேருந்துகளை விட்டுவிட்டு நிற்க வேண்டும். காசு மிச்சம், நேரம் செலவு. ரேஷன் கடைக்குப் போனால் பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாது. "நாளைக்கு வாம்மா" என்பார்கள். முதல் வீட்டில் விருந்தாளி வந்துவிட்டால் மற்ற வீடுகளின் நேரமும் சரியும், அங்கேயும் பேச்சு வாங்க வேண்டும். இத்தனைக்கும் நிமிடக் கணக்கில் நாளை ஓட்டுவதில் எந்த மேலாளரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது. அவருக்கு இல்லாதது தன் நேரத்தின் மேல் அதிகாரம். அவர் பாத்திரம் தேய்ப்பதால்தான் அந்த வீடுகளில் யாரோ ஒருவர் காலையில் தியானம் செய்கிறார், நாட்குறிப்பு எழுதுகிறார், வாழ்க்கை எளிமையாகிவிட்டது என்று நண்பர்களுக்குச் சொல்கிறார்.

பட்டியல் போட்டு வேலை செய்தால் பயனே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. தன் நாளைத் தானே தீர்மானிக்க முடிகிறவருக்கு நிச்சயம் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு, கடை நடத்துபவருக்கு, நூல் எழுதுபவருக்கு அது நல்ல கருவி. யாரும் எப்போதும் கூப்பிடலாம் என்ற நிலையில் இருப்பவருக்கு அதே பட்டியல் மாலையில் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. பத்தில் நாலுதான் முடிந்தது என்று அது காட்டும். முடிந்த நாலுக்கு நடுவே பட்டியலில் இல்லாத இருபதைச் செய்ததைக் காட்டாது. கூடுதல் வேலைக்கு மேல் குற்றவுணர்வும் ஏறுவதுதான் மிச்சம்.

அப்படியானால் எது உண்மையில் சுமையைக் குறைக்கும்? தமிழ்நாட்டு அரசுகளே இதற்கு மூன்று பரிசோதனைகள் நடத்திக் காட்டியிருக்கின்றன. மூன்றும் தொடங்கியது அண்ணா பிறந்தநாளான செப்டம்பர் 15-ல். 2011-ல் ஜெயலலிதா அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. 2023-ல் ஸ்டாலின் அரசு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை கொடுத்தது. முதலாவது கைவலியைக் குறைத்தது. இரண்டாவது, வீட்டு வேலையும் உழைப்புதான் என்று ஓர் அரசு வாய்திறந்து ஒப்புக்கொண்ட நிகழ்வு. அதன் மதிப்பு பெரிது. ஆனாலும் நாளுக்கு 289 நிமிடம் என்ற கணக்கில் வைத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்க்குள்தான் வருகிறது. இரண்டிலும் வேலை இருந்த இடத்திலேயே, அதே பெண்ணிடமே இருந்தது.

மூன்றாவது, 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். அடுத்த ஆண்டு அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அப்போதே 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியிலேயே காலையில் சாப்பிடத் தொடங்கினார்கள். பிள்ளைகளின் பசியைப் பற்றியே எல்லாரும் பேசினோம், சரிதான். அதோடு இன்னொன்றும் நடந்தது. விடியலில் வேலைக்குப் போகும் லட்சக்கணக்கான தாய்மாரின் காலைப் பொழுதிலிருந்து ஒரு வேலையே கழன்றது. அந்தச் சமையலையும் பெண்கள்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே அது சுயஉதவிக் குழுவினர் கூலி வாங்கிச் செய்யும் வேலை. ஒரு தாய்க்கு அதிகாலையில் எழும் கலையைக் கற்பிப்பதை விட, அவள் எழ வேண்டிய காரணங்களில் ஒன்றை நீக்குவது மேலானது. இதையே குழாய்த் தண்ணீருக்கும், வேலையிடத்துக்கு அருகே வீட்டுக்கும், குழந்தைகள் காப்பகத்துக்கும், நேரத்துக்கு வரும் பேருந்துக்கும் பொருத்திப் பாருங்கள். நேர மேலாண்மை நூல் எதிலும் இவை இருக்காது.

வீட்டுக்குள்ளும் இதே அளவுகோல்தான். "நான் வீட்டில் ஹெல்ப் பண்ணுகிறேனே" என்கிற ஆண்கள் கூடியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் என்ன வாங்கி வரவேண்டும் என்று எழுதிக்கொடுப்பது அவள், கடைக்குப் போய்வருவது இவர் என்றால், போய்வந்த களைப்பு மட்டும்தான் பங்கிடப்பட்டது. சிலிண்டர் எப்போது தீரும், மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை மிச்சம், வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு எந்தச் சீருடை என்று பேருந்தில் நிற்கும்போதும் நினைத்துக்கொண்டிருப்பது அவள்தான். ஒரு வேலையை எடுத்துக்கொள்வதென்றால் நினைவோடு சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்ற தாயின் மாத்திரையை மகன் பார்க்கட்டும். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் எண் இருக்கட்டும். சிலவற்றை யாருமே செய்யாமல் விடலாம்: இரண்டு சட்னி வேண்டாம், துணிக்கு இஸ்திரி வேண்டாம், வந்தவர் என்ன நினைப்பாரோ என்ற கவலையும் வேண்டாம்.

எனவே எளிமையான வாழ்க்கைக்கு வழி சொல்ல யாராவது வந்தால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லும் வழியில் வேலை குறைகிறதா, பங்கிடப்படுகிறதா, பொதுவில் எடுத்துக்கொள்ளப்படுகிறதா? மூன்றில் எதுவுமில்லை என்றால் அவர் விற்பது ஒரு டைரி. அதில் எழுதப்போவதும் அதே பெண்தான்; அவளுக்கு அது இன்னொரு வேலை.