புளிக்கும் ஒயினுக்கும் என்ன உறவு?

ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் எனக்கு வேண்டிய அக்கா ஒருவர் இருக்கிறார். போன மாதம் அவருடைய வீட்டில் ஒரு சின்னச் சண்டை. மாமியார் மருமகள் சண்டைதான். ஆனால் காரணம் புதிது. சால்மன் மீன்!

மருமகள் லண்டனில் வளர்ந்த பெண். கல்யாண நாளன்று தன் கையால் சால்மன் சமைத்து, கூடவே ஒயினும் வைக்க ஆசைப்பட்டாள். "மீன் வரட்டும், பாட்டில் மட்டும் வாசற்படி தாண்டக் கூடாது" என்றார் அக்கா. குடியினால் ஒரே தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அவரைப் பத்தாம்பசலி என்று யார் சொல்ல முடியும்?

பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் வழக்கு மீன். கடையில் 'சால்மன்' என்று வாங்கி வந்தது வெள்ளை வெளேரென்று இருந்தது. "ஏமாற்றிவிட்டார்கள்!" என்றாள் மருமகள். ஏமாற்று இல்லை, சகோதரிகளே! நம் காலா மீனுக்கு ஆங்கிலத்தில் 'இந்தியன் சால்மன்' என்றே பெயர். பம்பாய்க்காரர்கள் 'ராவஸ்' என்பார்கள். முன் துடுப்புக்கு அடியில் நூல் நூலாக நான்கு இழைகள் தொங்கினால் அது காலா. அசல் சால்மன் குளிர் நாட்டு மீன். நார்வே போன்ற நாடுகளில் பண்ணை வைத்து வளர்க்கிறார்கள். அதன் சதை ஆரஞ்சு நிறம். வாங்குமுன் எந்த சால்மன் என்று கேட்டுக்கொண்டால் பர்ஸுக்கு நல்லது.

அசல் சால்மன் மறுநாள் வந்தது. அதை வஞ்சிரம் போல மொறுமொறுவென்று வறுத்தால் வீண். உப்பு, மிளகுத்தூள், துளி மஞ்சள் தடவிக் கால் மணி நேரம் வையுங்கள். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். கொழுப்புள்ள மீன், ஒரு டீஸ்பூன் எண்ணெய் போதும். தோல் பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, மிதமான தீயில் ஐந்தாறு நிமிஷம்; திருப்பிப் போட்டு இரண்டு நிமிஷம். கரண்டி பட்டதும் சதை இதழ் இதழாகப் பிரிய வேண்டும். ஓரத்தில் தயிர் போல வெள்ளையாக நிறையக் கசிந்தால் தீ அதிகம் என்று அர்த்தம்.

அடுத்த வழக்கு ஒயின். "குழம்பில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் போதை பறந்துவிடுமே, அத்தை" என்றாள் மருமகள். முழுவதும் பறப்பதில்லை. கால் மணி நேரம் கொதித்த பிறகும் ஐந்தில் இரண்டு பங்கு தங்கிவிடுகிறது என்பது அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்கு.

சரி, மீனுக்கு ஒயின் எதற்கு? வெள்ளை ஒயினின் புளிப்பு, நாக்கில் படிந்த கொழுப்பை அலம்பிவிடும். சிவப்பு ஒயின் என்றால் சில சமயம் கவிச்சி தூக்கும். அதிலுள்ள இரும்புச் சத்துதான் காரணம் என்று 2009-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

இனித்தான் வேடிக்கை. திராட்சைக்கும் ஒயினுக்கும் புளிப்பைத் தருவதில் முக்கியமானது டார்டாரிக் அமிலம். நம் வீட்டு ஜாடியில் இருக்கும் புளிக்கும் அதே அமிலம்தான்! மீன் குழம்பில் புளி கரைத்த நம் பாட்டிமார்களும், மீனுக்கு வெள்ளை ஒயின் ஊற்றும் சீமைக்காரர்களும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள்.

இதைச் சொன்னதும் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனார். நெல்லிக்காய் அளவு புளியை இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வழக்கத்தில் பாதி வெல்லம், சுக்கு, ஏலம், சிட்டிகை உப்பு சேர்த்தார். குளிரவைத்துக் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். பானகம்!

மருமகள் மீனைச் சாப்பிட்டு ஒரு வாய் குடித்தாள். "ஒயின் மாதிரியே இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், அத்தை. ஆனால் மீனுக்கு ரொம்பப் பொருத்தம்" என்றாள்.

அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அன்றுதான் முதல் தடவையாகத் தம்பியைப் பற்றிச் சொன்னார். மருமகள் அப்புறம் பாட்டில் பேச்சே எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் சால்மன் இல்லாவிட்டால் காலாவிலேயே செய்து பாருங்கள். எண்ணெய் மட்டும் இன்னொரு டீஸ்பூன் கூட.