ஈறும் வீராப்பும்

பல் தேய்க்கும்போது என் மனைவிக்கு ஈறில் ரத்தம் வரும். எனக்கு வராது. கல்யாணமான எட்டு வருஷத்தில், அவளைவிட நான் உசத்தி என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள எனக்கு இருந்த ஒரே விஷயம் இதுதான். விடுவேனா? "பிரஷ்ஷைப் பிடிக்கவே தெரியலை உனக்கு" என்று தினமும் காலையில் ஒரு லெக்சர்.

போன மாசம் அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சும்மா துணைக்குத்தான், கைப்பையைப் பிடித்துக்கொள்ள. "ஈறு வீக்கம்தாம்மா. சுத்தம் பண்ணி ஒழுங்கா தேய்ச்சா சரியாப் போயிடும்" என்ற டாக்டரம்மா, என் பக்கம் திரும்பி, "சார், நீங்களும் உட்காருங்களேன்" என்றார்.

கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, "மூணு... மூணு... அஞ்சு... ஆறு..." என்று அவர் சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டார். மார்க் ஏறிக்கொண்டே போகிறதே என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

மார்க் இல்லையாம், பள்ளம். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. 6 என்றால், ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து, அடியில் எலும்பே கரைய ஆரம்பித்தாயிற்று.

"ரத்தமே வந்ததில்லையே டாக்டர்?"

"சிகரெட் பிடிப்பீங்களா?"

"எப்பவாவது... ரெண்டு."

"பத்து" என்றாள், இப்போது கைப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தவள்.

சங்கதி அங்கேதான். சிகரெட் ஈறிலுள்ள ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் வருவது திருடனைப் பார்த்து நாய் குரைக்கிற மாதிரி. நான் பத்து வருஷமாக நாயின் வாயைக் கட்டி வைத்திருக்கிறேன்!

"வீட்ல யாருக்காவது சுகர்?" என்று அடுத்த கேள்வி. அப்பாவுக்கு உண்டு. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அப்பா 52 வயசில் பல் செட் மாட்டியபோது, வயசானால் விழத்தானே செய்யும் என்று விட்டுவிட்டோம்.

எனக்குத் துணைக்கு ஆள் ஏராளம். அமெரிக்காவில் 2009 முதல் 2014 வரை எடுத்த சர்வேயில், 30 வயசைத் தாண்டிய பல்லுள்ளவர்களில் 100-க்கு 42 பேருக்கு இந்த வியாதி. உலகம் பூரா முற்றிய கேஸ் மட்டும் 100 கோடிக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. பல் வலித்தால் ஓடுகிறோம். ஈறு வலிக்காமலே வேலையை முடித்துவிடுகிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பிரஷ்ஷையே தொடாத 480 தொழிலாளிகளை 1970-லிருந்து 15 வருஷம் பார்த்தது, நார்வேக்காரர் ஹரால்டு லோவின் குழு. 100-க்கு 8 பேருக்கு மளமளவென்று கெட்டது. 81 பேருக்கு நிதானமாக. 11 பேருக்கு வெறும் ஈறு வீக்கத்தோடு சரி.

"நான் அந்தப் பதினொண்ணுல ஒருத்தனா இருக்கலாமே டாக்டர்?"

"அவங்க வாயில ஆறு வராது சார்."

ஈறுக்கு அடிவரை சுத்தம் செய்தார்கள். மேற்கொண்டு கரையாமல் நிறுத்தலாம். போன எலும்பு பெரும்பாலும் போனதுதான். பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் என்னவென்று தெரியாதா? சுகர் டெஸ்ட் சீட்டு மட்டும் இன்னும் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

சிகரெட்டை விட்டு இன்றோடு 19 நாள். விட்ட புதிதில் ரத்தம் வரலாம் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். இன்று காலை துப்பினால்... லேசான சிவப்பு!

"ஏய், இங்க வாயேன்! ரத்தம்!" என்று கூவினேன்.

எட்டிப் பார்த்தாள். "பிரஷ்ஷைப் பிடிக்கவே தெரியலை உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.